நாற்பது நிமிடம் நின்ற குதிரைகள்

மூன்று பொதுத்தேர்தல்களை நான் மல்லாந்து படுத்தபடியே நடத்தியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. வலது தோள்பட்டையில் குளிர் நாட்களில் ஒரு பிடிப்பு வருகிறது. மருத்துவர் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நம்புவதில்லை. தைலத்தை மட்டும் எழுதித் தருகிறார்.

நான் தச்சன். நாட்டிலேயே பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தில் அரங்கம் போடும் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். செய்தி வாசிக்கும் மேசை, அதற்குப் பின்னால் நிற்கும் அலமாரி, அலமாரிக்குள் இருக்கும் மரப் புத்தகங்கள், எல்லாம் என் கைவேலை. ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் தேர்தல் வந்தால் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். குதிரைகளை ஓட்ட வேறு யாருக்கும் தெரியாது.

குதிரைகள் இரண்டு. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். முழங்கால் உயரம், தேக்கு மரம், கண்ணுக்குக் கோலிக்குண்டு. அரங்கத்தின் நடுவே முப்பதடி நீள மேடை, மேடையில் மரத்தில் வெட்டிய நீளப் பள்ளமாக இரண்டு காடிகள், காடிக்கு ஒரு குதிரை. நாட்டை ஆள ஆசைப்பட்டவர்கள் அப்போது இரண்டே பேர். அரங்கத்தில் அவர்களை நீலத்தார், மஞ்சளார் என்றுதான் சொல்வோம். கருத்துக்கணிப்பில் யார் முந்துகிறாரோ அவருடைய குதிரை முந்தும். ஒரு முறை கம்ப்யூட்டரில் குதிரை செய்து ஓடவிட்டார்கள். அது எதையும் சொல்லும், நம்ப முடியாது என்று ஜனங்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதிவிட்டார்கள். மரம் பொய் சொல்லாது என்பது அவர்கள் எண்ணம். மரத்துக்கு அடியில் நான் படுத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

நான்கு சக்கரம் வைத்த பலகையில் மேடைக்குக் கீழே படுத்துக்கொள்வேன். தலைக்கு மேலே இரண்டு திருகு கைப்பிடிகள். வலது காதில் ஒரு இயர்போன். அதில் தயாரிப்பாளர் பேசுவார். எதைக் கேட்டாலும் அரை நிமிஷம் இருங்க என்பார், அதனால் அவருக்கு அரைநிமிஷம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "நீலம் ரெண்டு விரல் முன்னே" என்பார், திருகுவேன். "மஞ்சள் மூக்கை மட்டும் நீட்டு" என்பார், நீட்டுவேன். குதிரைகளுக்கு நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"ஒரு சாண் தாண்டினா ஜனங்க எழுந்து சாப்பிடப் போயிடுவாங்க, பெரியவரே. ரெண்டும் ஒட்டிக்கிட்டே ஓடணும்."

"கணிப்புல நீலம் ரொம்ப முன்னாடி இருக்குன்னு வந்திருக்கே?"

"அது கணிப்பு. இது நிகழ்ச்சி."

ஒரு நாள் மஞ்சள் குதிரையின் வாலில் ஒரு ஈ உட்கார்ந்தது. திரையில் சிவப்புப் பட்டை ஓட ஆரம்பித்துவிட்டது. ஈ எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான்கு நிபுணர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கிராமத்து ஈக்களின் மனநிலை வேறு, நகரத்து ஈக்களின் மனநிலை வேறு என்றார் ஒருவர். கடைசியில் ஈ பறந்துபோனது. அதைக் கூட்டணி முறிவு என்று போட்டார்கள். ஈயின் தரப்பிலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன அரசு மருத்துவமனை. அதன் பிரசவ வார்டில் அவள் முப்பத்தொரு வருடம் செவிலியாக இருந்தாள். எங்கள் வட்டாரத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைப் பார்த்தாலும், "உன்னை நான் தலைகீழாப் பிடிச்சிருக்கேன்" என்பாள். அவளிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தி நிறுவனம் ஆரம்பித்தாள். கட்டிலோரச் செய்தி என்று பெயர். தினமும் மாலை ஏழு மணிக்கு இணையத்தில் நேரலை. காமிரா அவள் தம்பி, அதாவது என் மச்சான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குச்சியின் நுனியில் போனை மாட்டிக்கொண்டு, ஓடும் பேருந்தில் நிற்பதுபோலக் காலை அகட்டி நிற்பான். வீடு ஆடாது என்று சொல்லிப் பார்த்தேன். பழக்கம் போகவில்லை.

பார்வையாளர்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேரைத் தெரியும். என் மகள், கப்பலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, மச்சானின் மனைவி, பழைய செவிலிகள் ஏழு பேர், நான். பன்னிரண்டாவது யார் என்று தெரியாது. தினமும் வருவார், ஒரு வார்த்தை எழுத மாட்டார். என் மனைவி முதலில் எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்வாள், பிறகு அவருக்கென்று தனியாக ஒன்று.

நானும் ஏழு மணிக்குக் குதிரை ஓட்ட வேண்டும், அவளும் ஏழு மணிக்கு. நான் பார்க்காவிட்டால் எண் பதினொன்று என்று காட்டும். அதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மேடைக்கடியில் என் வலது காதில் அரைநிமிஷம், இடது காதில் என் போன் வழியாக மனைவி. ஒரே தேர்தல்தான், வலது காதில் பந்தயமாக ஓடும். இடது காதில் குடிநீர் வாரியக் கூட்டத்தின் தீர்மானம் நான்கு, உட்பிரிவு இரண்டு என்று நடக்கும். உண்மையைச் சொன்னால், வலது காது தூங்கவிடாது, இடது காது தாலாட்டும்.

அந்த வருடம் என் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் தூரப் பயணம் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கென்ன, வார்டு கொல்லைப்புறத்தில்தானே இருக்கிறது என்று இருந்தோம். அப்போதுதான் என் மனைவி ஓர் அரசாங்க அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தாள். இருநூற்றுப் பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் அங்கே வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க நாற்பத்தொரு சின்ன மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளைத் தேர்தல் முடிந்த மறு மாதம் முதல் தேதி மூடுவதாக அதில் போட்டிருந்தது. பட்டியலில் பதினேழாவது எங்கள் வார்டு. மகளுக்கு நாள் குறித்திருந்தது அதே மாதம் மூன்றாவது வாரம். அடுத்த மருத்துவமனைக்கு ஒரு ரயில்வே கேட், ஒரு பாலம், ஒன்றரை மணி நேரம்.

"நாட்டுத் தேர்தல்ல நாற்பத்தொரு வார்டு வரவே இல்லையே, ஏங்க?" என்றாள் மனைவி.

"குதிரைக்கு வார்டு எதுக்கு?" என்றேன். தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்று டீ வரவில்லை.

அவள் இரண்டு தலைவர்களுக்கும் கடிதம் எழுதினாள். கேள்வி ஒன்றே ஒன்று: மூடுவீர்களா, மாட்டீர்களா? பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அன்போடு நன்றி தெரிவித்து ஒரு காலண்டர் வந்தது.

அப்புறம் ஒரு நாள் காலை மஞ்சளார் எங்கள் மருத்துவமனை வாசலுக்கே வாக்குக் கேட்டு வந்தார். என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நேரே கேட்டுவிட்டாள். அவர் கையைக் கூப்பி, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்து, "உங்களை மாதிரி தாய்மார்கள்தான் என் பலம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

மாலை ஏழு மணிக்கு வலது காது பேசியது. "மஞ்சள் ஒரு சாண் முன்னே. மருத்துவமனை வாசல் சிரிப்பு பிரமாதமா விழுந்திருக்கு." திருகினேன். ஒரு சாண் என்பது பதினான்கு சுற்று.

வீட்டுக்குப் போனேன். தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். மகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மச்சானும் இருந்தான்.

"இன்னைக்கு மஞ்சளைத் தள்ளினது யாரு?" என்றாள் மனைவி.

"மக்கள்தான்."

"மக்களுக்குத் தோள்ல தைலம் தேய்க்கணுமா?"

நான் சாப்பாட்டில் கவனமாக இருந்தேன்.

"எதுக்கு ஒரு சாண்?"

"சிரிச்சதுக்கு."

"நான் கேட்டதுக்கு?"

"நீ கேட்டது காமிராவுல விழலையாம். நீ ரெண்டடி இடது பக்கம் தள்ளி நின்னுட்டியாம்."

"சரிப்பா," என்றாள் மகள், வயிற்றைத் தடவிக்கொண்டே. "நானும் இனிமே ரெண்டடி வலது பக்கமாவே உக்காந்துக்கறேன்."

மச்சான் சமாதானம் செய்ய வந்தான். "விடுங்க அத்தான். நம்ம காமிராவுல மட்டும் என்ன வாழுது? அக்கா முழுசா இருக்காங்க. தலைவர் வயிறு மட்டும்தான் இருக்கு. பேசறது அந்த வயிறுதான்னு நினைச்சுக்குவாங்க."

"நீ குச்சியை உசத்திப் பிடிச்சிருக்கணும்டா," என்றாள் அக்கா.

"பின்னாடி நின்ன ஆளுக்கு மறைக்குமேன்னு பார்த்தேன்."

நடத்துநர் புத்தி. ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதினான்கு சுற்றும் என் கைதானே சுற்றியது. மகள் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. தூங்கும்வரை எனக்கு அந்தக் கால்கள்தான் கண்ணில் நின்றன.

மறுநாளிலிருந்து என் மனைவியும் பந்தயம் விட ஆரம்பித்தாள். இஸ்திரி போடும் மேசையில் சாக்கட்டியால் இரண்டு கோடு. இரண்டு மருந்துப் பாட்டில்கள், ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. "நம்ம குதிரைக்கு ஒரே தீனிதான். பதில்," என்று பன்னிரண்டு பேருக்கும் அறிவித்தாள். "நேரா பதில் சொன்னா ஒரு முழம் முன்னே. சொல்லலைன்னா நின்ன இடத்துலயே நிக்கும்."

பத்தொன்பது நாள் நின்றன. பாட்டில்களைத் தூசி தட்டித் தட்டி அதே இடத்தில் வைத்தாள்.

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு எங்கள் நிறுவனத்தில் மாபெரும் ஓட்டம் என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி. நாடே பார்க்கும். முரசு, புகை, நான்கு நிபுணர்கள், இரண்டு கட்சிக்கும் ஒரு செய்தித் தொடர்பாளர், நடுவில் தொகுப்பாளினி. நல்ல பெண். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று பேசும்.

இயர்போனுக்குப் புது பேட்டரி போடுவது என் வேலை. போட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் புது பேட்டரி என் சட்டைப்பையில் இருந்தது. வயதானால் மறதி வருவது இயற்கை என்று விசாரணைக் குழுவில் ஐந்து பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். அந்த ஐந்தில் நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

ஏழு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வலது காதில் அரைநிமிஷம் சொன்னார்: "ரெண்டையும் கோட்டுக்குக் கொண்டு வா. நான் சொல்ற வரைக்கும் ஒரு இம்மி அசையக் கூடாது." கொண்டுவந்தேன். அதோடு வலது காது அடங்கிவிட்டது.

அவர் சொல்லும்வரை அசையக் கூடாது. அவரோ சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன், உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை.

முரசு அடித்தது. புகை வந்தது. குதிரைகள் நின்றன. "இதோ புறப்படப் போகின்றன" என்றாள் தொகுப்பாளினி. ஐந்து நிமிடம் கழித்து, "சற்று நேரத்தில் புறப்படும்" என்றாள். விளம்பரம் போட்டார்கள். திரும்பி வந்தபோதும் நின்றன. யாரோ மேடையின் பக்கவாட்டுக் கதவை இடித்தார்கள். நிகழ்ச்சி நடக்கும்போது யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது அரைநிமிஷமே எழுதிப் போட்ட விதி. முந்தைய தேர்தலில் ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்ததில் நீலம் இரண்டு மாநிலத்தை இழந்துவிட்டது. ஆகவே நான் திறக்கவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம், என் கையால் போட்டது, யானை இடித்தாலும் திறக்காது.

நிபுணர்கள் விட்டுவிடுவார்களா? "நிற்பதிலும் ஒரு வேகம் உண்டு" என்றார் முதலாமவர். "இது நீலம் திட்டமிட்டு நிற்பது, மஞ்சள் அதைப் பார்த்து நிற்பது" என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் போன தடவையைவிட நாலு சதவீதம் கூடுதலாக நிற்கிறது என்று கணக்குக் காட்டினார். நான்காமவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் குடித்தார். அரங்கத்தில் அன்றைக்கு உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்.

இடது காதில் என் வீடு கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே மகள் தொலைக்காட்சியையும் வைத்திருந்தாள் போலும்.

"அம்மா, இங்க பாருங்க. அப்பா குதிரையும் நம்ம பாட்டில் மாதிரியே நிக்குது."

"நிக்கட்டும். பதில் வந்தா நகர்த்த அவருக்குத் தெரியும்," என்றாள் என் மனைவி.

உத்தரவு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எந்தக் காதில் வந்தால் என்ன?

முப்பத்தைந்தாவது நிமிடம் இருக்கும். மேடையின் முகப்பில் எனக்குக் காற்று வர ஒரு கம்பி வலை வைத்திருந்தேன். அதற்கு நேரே இரண்டு முழங்கால்கள் வந்து ஊன்றின. தொகுப்பாளினி தரையில் மண்டியிட்டு, ஒலிவாங்கியை வலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"குதிரை ஏன் ஓடல?"

"பதில் வரலம்மா. பதில் சொன்னா ஓடும்."

நான் அவ்வளவுதான் சொன்னேன். எந்தக் கேள்வி என்று சொல்லவில்லை, வார்டு என்று சொல்லவில்லை, எண்ணும் சொல்லவில்லை. அவள் எழுந்தாள், புடவையைத் தட்டிக்கொண்டாள், இரண்டு செய்தித் தொடர்பாளர்களையும் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த மேடை சொல்றது சரிதான். ஒரு கேள்விக்குப் பத்தொன்பது நாளா பதில் வரல. நாற்பத்தொரு பிரசவ வார்டை அடுத்த மாதம் முதல் தேதி மூடப் போறீங்களா, மாட்டீங்களா?"

நான் இருட்டில் படுத்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தேன். மரத்தூள் விழுந்தது.

மஞ்சள் தொடர்பாளர் ஆரம்பித்தார். தாய்மை ஒரு கடல், தாய்மை ஒரு வானம். நான்கு நிமிடம். இடது காதில் மனைவி சொன்னாள்: "கவிதைக்கு முழம் கிடையாது." நான் கைப்பிடியைத் தொடவில்லை.

நீலத் தொடர்பாளர், இதற்கெல்லாம் காரணம் முன்பு ஆண்டவர்கள் என்றார். "கேட்டது நாளையைப் பத்தி. இவர் நேத்தைச் சொல்றாரு," என்றது இடது காது. குதிரை நின்றது.

தொகுப்பாளினி குதிரையைப் பார்த்தாள். காமிரா குதிரையைப் பார்த்தது. நாற்பதாவது நிமிடம், மஞ்சள் தொடர்பாளர் தாங்க முடியாமல், "பரிசீலிப்போம்" என்றார்.

"அரை விரல்," என்றாள் மனைவி. "ரொம்பக் கஞ்சத்தனமா இருக்க வேண்டாம்."

அரைச் சுற்றுச் சுற்றினேன். மஞ்சள் குதிரை அரை விரல் நகர்ந்தது. அரங்கத்தில் ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான்காம் நிபுணர் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நீலத் தொடர்பாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி நடந்தார். ஒன்றரை நிமிடத்தில் நீலத்தாரே ஏதோ ஒரு காரிலிருந்து நேரலைக்கு வந்துவிட்டார். "மூட மாட்டோம்" என்றார்.

"எத்தனையை?" என்று தொகுப்பாளினியும் என் மனைவியும் ஒரே சமயத்தில் கேட்டார்கள், ஒருத்தி மேலே, ஒருத்தி என் காதில்.

"அவசியமானவற்றை."

"பின்னாடி ஒரு விரல்," என்றாள் மனைவி.

கோட்டுக்குப் பின்னால் குதிரை போகும்படி நான் காடி வெட்டவில்லை. அன்று அது எப்படியோ போனது. கோட்டுக்குப் பின்னால் போய் நின்ற நீலத்தைப் பார்த்து நீலத்தார் காரை நிறுத்தச் சொன்னது நேரலையில் தெளிவாகக் கேட்டது. அதற்குள் மஞ்சளார் வந்தார். அவர் சிரிக்கவில்லை. "நாற்பத்தொண்ணையும் மூட மாட்டேன்" என்றார். "எழுத்துல தருவீங்களா?" என்றாள் தொகுப்பாளினி. ஆறு நிமிடத்தில் கையெழுத்துப் போட்ட தாள் திரையில் வந்தது. பட்டியலின் நாற்பத்தொரு பெயரும் அதில் இருந்தன. நான்கு நிமிடத்தில் நீலத்தாரின் தாளும் வந்தது, காரின் பானட் மேல் வைத்து எழுதியது. அரை விரல், ஒரு விரல் கணக்கையெல்லாம் அழித்துவிட்டு ஆளுக்கு ஒரு முழம். நிகழ்ச்சி முடியும்போது இரண்டு குதிரைகளும் மூக்கோடு மூக்கு நின்றன. எங்கள் நிறுவன வரலாற்றில் அவை யாரும் சொல்லாமல் சமமாக நின்றது அந்த ஒரு நாள்தான்.

கடைசியில் தொகுப்பாளினி, இந்தக் கேள்வியைக் கேட்டது தான் இல்லை, ஓய்வு பெற்ற ஒரு செவிலி என்று சொல்லி, கட்டிலோரச் செய்தி என்ற பெயரையும் சொன்னாள். என் வீட்டில் பன்னிரண்டு என்று காட்டிய எண் மூன்று லட்சமானது. மச்சான் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று லட்சம் பேரும் பார்த்தது கறுப்புத் திரையைத்தான்.

நான் வெளியே ஊர்ந்து வந்தபோது அரைநிமிஷம் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அரை நிமிடம் கேட்காமல், உடனே என்னை வேலையை விட்டு நீக்கினார். நான் கதவைத் தாண்டுவதற்குள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிவந்து, "பெரியவரே, வேலைக்குத் திரும்பச் சேர்த்தாச்சு" என்றார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்துதான். ஏறிவிட்டேன்.

அந்தப் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தொகுப்பாளினி. முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள், முகத்தில் பவுடர் கலையவில்லை.

"உங்க வீட்டம்மா தினமும் எனக்குத் தனியா வணக்கம் சொல்லுவாங்க," என்றாள்.

"பன்னிரண்டாவது ஆளா நீ?"

"அலங்கார அறையில உக்காந்து ஆரம்பத்தை மட்டும் பார்ப்பேன். அப்புறம் போனை அணைக்காம மேசை இழுப்பறையில வச்சிட்டு அரங்கத்துக்கு வருவேன். பத்தொன்பது நாளா அந்தக் கேள்வி நாக்கு நுனியிலயே இருந்துச்சு. என் முன்னாடி இருந்த தாள்ல அது இல்ல. இன்னைக்குக் குதிரை நின்னுடுச்சா, தாள் தீர்ந்துபோச்சு."

அந்த வாரம் மனைவிக்குத் திட்டிக் கடிதங்களும் வந்தன. உன் மகளுக்காகத்தானே கேட்டாய், நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் அதை நேரலையிலேயே முழுக்கப் படித்தாள். "ஆமா, எம் பொண்ணுக்காகத்தான் கேட்டேன். என் வீட்டு ஜன்னல்லருந்து தெரிஞ்சது அது. உங்க ஜன்னல்லருந்து என்ன தெரியுதோ அதை எழுதி அனுப்புங்க. இஸ்திரி மேசை நீளமாத்தான் இருக்கு." இரண்டு மூட்டைக் கேள்வி வந்தது. ஒன்று ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். துணிகளை இப்போது கட்டிலில் வைத்துத்தான் இஸ்திரி போடுகிறோம்.

தேர்தலில் யார் ஜெயித்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் ஜெயித்தார். முதல் தேதி காலை ஒரு அதிகாரி கையில் பூட்டோடு எங்கள் வார்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு யாரும் மாற்றி உத்தரவு அனுப்பவில்லை. என் மனைவி ஜெயித்தவர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். மச்சான் குச்சியை உயர்த்திப் பிடித்தான். என் பழைய நிறுவனத்தின் காமிராவும் வந்திருந்தது. காமிராக்காரர் அதிகாரியின் முகத்துக்கு நேரே கால் ஊன்றிவிட்டு, கொஞ்சம் யோசித்து, முக்காலியைத் தூக்கி இரண்டடி இடது பக்கம் தள்ளி வைத்தார். அதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மனைவியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்பத்தொன்றில் முப்பத்தாறு திறந்தே இருக்கின்றன. ஐந்து இடத்தில் தாள் போய்ச் சேருவதற்குள் பூட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஐந்தின் பெயரையும் அவள் தினமும் படிக்கிறாள். அதற்கு முன், தினமும் முதல் செய்தியாக ஒரு வரி: வார்டு திறந்திருக்கிறது. உலகத்திலேயே மிகவும் சுவாரசியமில்லாத செய்தி அதுதான் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். மூன்று லட்சம் பேர் கலைந்து போய்விட்டார்கள். ஆனால் நாலாயிரம் பேர் அந்த ஒரு வரியைக் கேட்க தினமும் வருகிறார்கள்.

மூன்றாவது வாரம் மகளுக்கு வலி எடுத்தது. கொல்லைப்புறக் கதவு வழியாக நடத்தியே கூட்டிப்போனோம், நூற்றுப் பத்து அடி. ரத்த அழுத்தம் கொஞ்சம் பயமுறுத்தியது. அதற்கான ஊசி அங்கேயே இருந்தது, போடத் தெரிந்த கையும் இருந்தது. மாலை ஐந்தரைக்குப் பெண் குழந்தை. கத்தின கத்தலில் வாசலில் நின்ற மச்சான் விசில் ஊதிவிட்டான், வண்டி கிளம்பட்டும் என்கிற மாதிரி.

ஏழு மணி ஆனது. என் மனைவி பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த நாளும் நேரம் தவறாதவள், அன்று நேரத்தையே மறந்துவிட்டாள்.

"அக்கா, நாலாயிரம் பேர் காத்திருக்காங்க," என்றான் மச்சான்.

"காத்திருக்கட்டும்டா."

"இங்க கொடுங்க மாமா," என்றாள் மகள் படுத்தபடியே. போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். தலை கலைந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. நான் பழக்க தோஷத்தில் இடது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். இரண்டடி தூரத்தில் அவள் பேசுவது எனக்கு இரண்டு தடவை கேட்டது, ஒரு தடவை நேராக, ஒரு தடவை நாட்டுக்குச் சொன்னபடி.

"வணக்கம். மணி ஏழு. வார்டு திறந்திருக்கு. நான் உள்ளேருந்துதான் பேசறேன்."